மூன்று காகிதம் கேட்பவள்

என் மனைவி யாரையும் நம்ப மாட்டாள். கடைக்குப் போய்வந்தேன் என்று சொன்னால் ரசீது எங்கே என்பாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு வம்சாவளி தேடும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. பத்து வருடமாக நகர நூலகத்தின் பின்னறையில் சம்பளமில்லாத உத்தியோகம். பழைய பிறப்புப் பதிவேடுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்குத் தேடிக் கொடுக்க வேண்டும். அங்கே இவளுக்கு வைத்திருக்கும் பெயர் சல்லடை.

ஒரு காகிதம் வதந்தி, இரண்டு காகிதம் கூட்டுச்சதி, மூன்று காகிதம் இருந்தால்தான் ஆள் என்பது அவள் கட்சி. எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கும் குடும்ப மரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். என் சித்தப்பா ஒருவர் இரண்டு காகிதத்தோடு நின்றுவிட்டதால் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறார். மரத்தில் அவளுடைய அப்பாவுக்குக் கீழே ஒரே ஒரு கட்டம். அது இவள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என்னங்க, இன்னைக்கு ஒருத்தி வந்தா. தையல்காரி. வயசு அம்பத்தி நாலு. அப்பா பேருன்னு எங்க அப்பா பேரை எழுதுறா. தொழில், கடிகாரம் ரிப்பேர்ங்கிறா. கடை இருந்த தெருகூட அதேதான்."

"அப்புறம்?"

"வேற எதுவும் வேணாமாம். அவ பொறந்த பதிவுல அவர் பேரு இருக்கான்னு மட்டும் பாக்கணுமாம். அப்பன் இல்லாதவன்னு சொந்தக்காரங்க வாய்க்கு வாய் சொல்லிட்டாங்களாம். நல்லாத்தான் கதை கட்டுறா."

"எதுக்கும்மா கட்டணும்? உங்க அப்பா விட்டுட்டுப் போனது ஒரு பூதக்கண்ணாடியும் இருமலும்தானே?"

"உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. அவ முழியே சரியில்ல."

எனக்கும் சிரிப்பு வந்தது. இவளுக்கு எவர் முழிதான் சரியாக இருந்திருக்கிறது?

செவ்வாய்க்கிழமை அந்தத் தையல்காரி கொண்டுவந்த காகிதங்களைப் பிரதி எடுத்து வந்து, மேசை விளக்கைச் சாய்த்துவைத்து ஆராய்ந்தாள். பள்ளிச் சான்றிதழ் ஒன்று, தடுப்பூசி அட்டை ஒன்று. இரண்டிலும் என் மாமனார் பெயர். மையின் நிறம் சரியில்லை, முத்திரை வட்டம் கொஞ்சம் பெரிது என்று ஏதேதோ சொன்னாள். மூன்றாவது காகிதம் இல்லை, ஆகவே ஆள் இல்லை என்று முடித்துவிட்டாள். நாலு வருடத்தில் மூன்று முறை நூலகத்துக்குக் கடிதம் போட்டாளாம் தையல்காரி. மூன்று முறையும் "பதிவு இல்லை" என்று பதில் போனதாம்.

"பதில் போட்டது யாரு?" என்று கேட்டேன்.

"தன்னார்வலர்ல யாரோ" என்றாள். கடிதப் பதில் எல்லாம் இவள் வேலை என்பது எனக்குத் தெரியும்.

நான் முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக மின்மீட்டர் பார்த்தவன். பழுதான மீட்டர் எது, கைவைத்த மீட்டர் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். பழுது எப்படி வேண்டுமானாலும் ஓடும். கைவைத்தது, வைத்தவனுக்குச் சாதகமாக மட்டுமே ஓடும். அன்றைக்குத்தான் எனக்கு மூக்கில் வியர்த்தது. கட்டின மனைவியைச் சந்தேகப்படுவது அவ்வளவு சுகமான காரியம் இல்லை.

புதன்கிழமை மூக்குக்கண்ணாடியை மறந்து போய்விட்டாள். கொடுக்கப் போனேன். அவள் நாற்காலி காலி. தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திரையில் ஒரு பழைய பதிவேட்டின் இடது பாதி. ஐம்பத்து நாலு வருடத்துக்கு முன் பிறந்த பெண் குழந்தை, தாய் என்ற இடத்தில் என் மாமியார் இல்லை, வேறு பெயர், தந்தை என்ற இடத்தில் என் மாமனார், தொழில் கடிகாரம். கீழே இவர்கள் கணினியில் ஏற்றிய வரி. அதில் தந்தை, பக்கத்துத் தெருத் தகரக்காரர். ஏற்றியவர் என்று என் மனைவியின் எண், ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. இவர்களுடைய அட்டவணை தந்தை பெயரை வைத்துத்தான் தேடும். தகரக்காரருக்குக் கீழே போய்விட்ட குழந்தையை எந்த ஜென்மத்தில் கண்டுபிடிப்பது?

மேசைக்கு மேலே தன்னார்வலர்களுக்கான முதல் விதியைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள்: கண்ணில் படுவதை எழுதவும். மனத்தில் பட்டதை எழுத வேண்டாம். அதை ஒட்டியவளே இவள்தான்.

கண்ணாடியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமை முழுக்கப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேவிட்டேன்.

"அந்தக் காலத்துல பதிவேடு எழுதினவரு வரி மாத்தி எழுதிட்டார்னு நினைச்சேன். மேல் வரி தகரக்காரரோடது. அதான் சரி பண்ணினேன்" என்றாள், துணியைப் பார்த்தபடி.

"நிஜமா அப்படித்தான் நினைச்சியா?"

சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அம்மா அப்போ இருந்தாங்க. அந்த அறைக்கு அவங்களும் வந்து என் பக்கத்துல உக்காருவாங்க. கண்ணுல பட்டா என்ன பண்றது?"

"உங்க அம்மா போய் அஞ்சு வருஷமாச்சு. அந்தப் பொண்ணு கடிதம் போட்டது அதுக்கு அப்புறம். மூணு தடவை இல்லைன்னு எழுதியிருக்க. அதுக்கு யாரைக் காரணம் சொல்லுவ?"

எனக்குக் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாக அவமானமாக இருந்தது. இவள் நேர்மையை ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான்தான். அவள் உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்துத் தையல்காரியை மறுநாள் வரச் சொன்னாள்.

சனிக்கிழமை நூலகத்துக்கு நானும் கூடப் போனேன். நழுவிவிடுவாளோ என்று சந்தேகம்தான், ஒளிப்பானேன்? திருத்தப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில், "பதிவேட்டில் பிழை இல்லை. தெரிந்தே நான் மாற்றினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தையல்காரி முன்னால் வைத்தாள். அவள் விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தாள்.

"மூணு கடிதத்துக்கும் பதில் போட்டது நீங்களா மேடம்?"

"நான்தான். அவரு என் அப்பா."

தையல்காரி நிமிர்ந்தாள். திட்டப் போகிறாள், திட்டட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் திரையில் திறந்திருந்த பதிவேட்டுப் பக்கத்தில் அப்பா பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு என்னைத் தெரியுமா?" என்றாள். "இல்ல, எங்க அம்மா தானா போய் அவர் பேரைச் சொல்லிட்டாங்களா?"

என் மனைவி பக்கத்தை வலது பாதிக்கு நகர்த்தினாள். அந்தப் பாதியை நான் பார்த்ததில்லை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு, பிறப்பைத் தெரிவித்தவர். அதன் கீழே சாய்வாக ஒரு கையெழுத்து.

"இது அவரு கையெழுத்து. என் மார்க் அட்டையில மாசாமாசம் பாத்திருக்கேன்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லி அனுப்பல. அவரே நேர்ல போய் வரிசையில நின்னு உங்களைப் பதிஞ்சிருக்காரு."

தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மனைவி அந்தக் கையெழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"என்னைப் பதிய எங்க மாமாதான் போனாரு. அப்பாவுக்கு அன்னைக்குக் கடையில வேலை இருந்துச்சாம்."