சூளைக்குள் பாடிய மாமா மகன்

அந்த சி.டி. உறையில் என் மாமா மகனின் முகம் மட்டும்தான் இருந்தது. பீங்கான் மாவு படிந்து வெளுத்த முகம், மூடிய கண்கள், நரம்பு புடைத்த கழுத்து. உறையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். கிடார் என்று போட்டிருந்த இடத்தில் புதுச்சேரிப் பையன் ஒருவனின் பெயர்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், விருத்தாசலத்தில் ராக் பாடுகிறோம் என்று சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணத்திலும் கோயில் விழாவிலும் சினிமாப் பாட்டு வாசித்துவிட்டு, கூட்டம் கலையும் நேரத்தில்தான் எங்கள் சொந்தப் பாட்டுகளைத் தொடங்குவோம். மாமா மகனுக்குப் பகலில் பீங்கான் சாமான் சுடும் செராமிக் யூனிட்டில் வேலை. அடிவயிற்றிலிருந்து அவன் குரலைக் கிழித்து எடுக்கும்போது, பந்தல் ஓரத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அவன் விட்ட இடத்தில் என் கிடார் தனியாக எழும். கைதட்டல் எங்கள் இருவரில் யாருக்கு என்று சொல்ல முடியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவன் தனியாக ஆல்பம் செய்வதை எங்கள் குழுவின் டிரம்ஸ்காரன் சொல்லித்தான் அறிந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யூனிட்டில் ஆறிக் கிடக்கும் சூளைக்குள் மைக் வைத்துப் பாடுகிறானாம். போய்ப் பார்த்தேன். வெளிச்சத்தம் புகாதபடி சூளையின் வாயில் பழைய மெத்தைகள் தொங்கின. வெளியே கம்ப்யூட்டர் முன்னால் அந்தப் புதுச்சேரிப் பையன், மடியில் கிடாருடன். உள்ளே செங்கல் சுவர்களுக்கு நடுவில் பனியன் நனைந்து நின்ற மாமா மகன், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினான். சரியில்லை என்று அவனே நிறுத்தினான். குரல் கம்மியது. வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பாடினான். எங்கள் ஒத்திகைகளில் அவன் ஒருநாளும் இப்படி உயிரைக் கொடுத்ததில்லை.

என்னைப் பார்த்ததும், "வா மச்சான், உக்காரு" என்றான். வாசிக்கிறாயா என்று கேட்கவில்லை. அந்தப் பாட்டு கெட்டுப்போகட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெடவில்லை. கடைசியில் அந்த வரி செங்கல்லில் மோதித் திரும்பி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்கும் சேர்த்து அவன்மேல் ஆத்திரம் வந்தது.

ஆல்பம் பெரிதாக எங்கும் போய்விடவில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். எனக்கு அதுவே அதிகமாகப் பட்டது. ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையனின் போனில் அவன் குரல் ஒலித்தது. என் நிறுத்தம் வரும் முன்பே இறங்கி, மீதி தூரத்தை வெயிலில் நடந்தேன்.

போன தை மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் அவன் மகளுக்குக் காது குத்தினார்கள். பந்தி முடிந்து இருவரும் தனியாக நின்றபோது, என்னை ஏன் அந்த ஆல்பத்துக்குக் கூப்பிடவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"நீ வாசிச்சா ஜனங்க உன்னத்தான மச்சான் கேக்குறாங்க. பந்தல்ல ஒவ்வொரு தடவ கை தட்டும்போதும் எனக்கு வயிறு எரியும். ஒரு தடவையாச்சும் என்னை மட்டும் கேக்கட்டும்னு இருந்துச்சு."

பஸ் ஏறும்போது மனசு குளிர்ந்திருந்தது. அவனுக்கும் எரிந்திருக்கிறது. நான் இப்போது இருக்கும் வேப்பூர் வரும்வரை அந்தப் பாட்டை மனதுக்குள் ஓடவிட்டு, என் கிடாரை எங்கே நுழைத்திருக்கலாம் என்று தேடிப் பார்த்தேன். ஓர் இடமும் காலியாக இல்லை.