மேல மடையில் நின்றவர்

தலைப்பிரசவத்துக்காக நான் அய்யா வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காததால் பொழுது சாய்ந்ததும் ஊர் முழுக்க இருட்டிவிடும். ராயப்பன்பட்டிக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், வயல்களுக்குள் கிடந்த சின்ன ஊர் எங்களுடையது. ஊர் நடுவில் ஓடு வேய்ந்த வேதக் கோவில். பீடத்துக்குப் பக்கத்தில் தராசு பிடித்த தேவதூதரின் சுரூபம் இருக்கும்; சம்மனசு என்போம். சுவாமியார் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார்.

அய்யா, என் அப்பா, ஊருக்கு நீர்பாய்ச்சி. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது, எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்த்து மடைப் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் வேலை. அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அந்தத் தோளை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம்.

இரண்டாம் போகத்துக்கு நாற்று நட்டிருந்தார்கள். மேல மடைக்கு அடுத்த வயல்காரர் அய்யாவுக்கு மைத்துனர் முறை, எனக்கு மாமா. அவருடைய வயலில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. மாலையில் நிறைந்திருக்கும், காலையில் பார்த்தால் சேறுதான் இருக்கும். தண்ணீர் முழுவதும் எங்கள் சித்தப்பாவின் வயலில் போய் நின்றது. ஒரு நாள் மாமா எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வராமலே, "மச்சான், ஒங்க தம்பிக்காகப் பலகைய நீங்க தூக்குனதப் பாத்துட்டேன்" என்றார். அய்யா, "நான் தூக்கல மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

பேச்சு ஊர்ப் பெரியவர்களிடம் போயிற்று. கோவிலில் சத்தியம் செய்யட்டும் என்று முடிவானது. சுவாமியாருக்கு அதில் இஷ்டமில்லை. பூசை முடிந்ததும், இதற்கு நான் சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார். பெரியவர்கள் விடவில்லை.

நான் பெண்கள் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மாமா சம்மனசு சுரூபத்தின் பாதத்தில் கையை வைத்தார். "வெள்ளிக்கெழம பொழுது சாயுற நேரம் மேல மடையில மச்சான் பலகையத் தூக்கிட்டு நின்னத என் ரெண்டு கண்ணால பாத்தேன். பொய்யின்னா சர்வேசுரன் என்னையக் கேக்கட்டும்" என்றார். அவர் குரலில் கோபமில்லை, துக்கம்தான் இருந்தது. பொய் சொல்கிறவர் அப்படிப் பேசமாட்டார்.

அடுத்து அய்யாவை அழைத்தார்கள். அவர் சுரூபத்தின் முன்னால் போய் நின்றார், ஆனால் கை வைக்கவில்லை.

"நான் பலகையத் தொடல. அதச் சொல்லுவேன். ஆனா மாப்ள பொய் சொல்றாகன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"ரெண்டுல ஒண்ணுதான மெய்யா இருக்க முடியும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"அது சர்வேசுரனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அய்யா வெளியே நடந்தார்.

ஊர் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டது. நீர்பாய்ச்சி வேலை வேறொருவருக்குப் போயிற்று. வீட்டில் அம்மா அழுதாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? அந்த மனுசன் பொய் சொல்றாகன்னு சொல்ல என்ன தடை?" என்றாள். அய்யா, "சர்வேசுரன் நீதியுள்ளவரு. பாத்துக்கிருவாரு. நீ கஞ்சியக் காச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் காத்திருக்க ஆரம்பித்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும். யாரும் சண்டை போடவில்லை, திட்டவும் இல்லை. காலையில் எழுந்ததும் எங்கள் கூரையில் புகை வருகிறதா, மாமா வீட்டுக் கூரையில் புகை வருகிறதா என்று பார்த்தார்கள். சர்வேசுரன் யாரை அடிப்பார் என்று தெரிய வேண்டும். கிணற்றடியில் பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். மாமா வீட்டில் ஒரு கன்று செத்தது. சத்தியம் பலித்துவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் அய்யாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடிக்கும் முறைக்காய்ச்சல் வந்து, கொய்னா மாத்திரை தின்று படுத்துக் கிடந்தார். இப்போது பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. கன்றை மறந்துவிட்டார்கள். நாங்கள் கோவிலில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. மாமாவின் குடும்பத்துக்கும் அப்படித்தான்.

காய்ச்சல் விட்டதும் அய்யா எங்கள் சின்ன வயலுக்குப் போகத் தொடங்கினார். ஒரு நாள் சாயங்காலம் அவர் திரும்ப நேரமானது. தூறல் போட்டது. மேற்கு மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வயல்மேல் படுத்திருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி அந்த நேரத்தில் வாய்க்கால் பக்கம் போகக்கூடாது என்று அம்மா தடுத்தாள். காய்ச்சல்காரர் நனைவாரே என்று நான் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மேல மடையில் அய்யா நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதுகு காட்டி, மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துக் கவிழ்த்து, மண்வெட்டியை ஊன்றி, வாய்க்காலுக்குள் இறங்கி நின்றார். இடது தோள் இறங்கியிருந்தது.

"அய்யா" என்று கூப்பிட்டேன்.

திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். அப்போதுதான் கால்களைப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. காலில் மோதும் தண்ணீர் ஒரு சுழி போடும் இல்லையா? அங்கே அது இல்லை. கால்களே இல்லாததுபோல் தண்ணீர் நேராக ஓடியது. தூறல் என் தலையில் இருந்த சாக்கில் படபடவென்று விழுந்தது. அங்கே நின்றவரின் சாக்கில் விழும் சத்தம் கேட்கவில்லை.

"தாயி, யாரக் கூப்பிடுற?"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அய்யா புல்லுக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார். நான் மறுபடி மடையைப் பார்த்தேன். பலகை இருந்தது, தண்ணீர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மடையைக் கை நீட்டிக் காட்டினேன். அய்யா கட்டைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கேட்டது இதுதான்:

"மொகத்தக் காட்டுச்சா?"

"இல்ல."

"எனக்கும் காட்டல" என்றார்.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அய்யா எனக்குச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, மெல்ல விஷயத்தைச் சொன்னார். சத்தியத்துக்கு முன்னாலேயே அவர் அதைப் பார்த்திருந்தார். தன் முதுகையே தான் பார்ப்பதுபோல் இருந்தது என்றார். மாமா வாசலில் வந்து நின்று பார்த்தேன் என்று சொன்னபோதே, அவர் எதைப் பார்த்தார் என்று அய்யாவுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப அத ஊருல சொல்லியிருக்கலாமுல்ல அய்யா?"

"தப்பிக்கிறதுக்குப் பேயக் காட்டுறான்னு சொல்லுவாக. இல்லாட்டி நம்பிப்புட்டு மடைக்குக் கோழி அறுப்பாக. ரெண்டும் எனக்கு வேண்டாம். மாப்ள கண்டது மெய்யி. நான் தொடாததும் மெய்யி. ரெண்டையும் சேத்துப் பாக்கத் தெரிஞ்சவரு ஒருத்தருதான் தாயி. அவரு எங்கயும் போயிரல."

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு" என்றார். "என் கண்ண நானே நம்ப முடியலயேன்னுதான் பயம். இனி எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது? மாறாதவரத்தான் புடிச்சுக்கிறணும்."

புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு என்னை முன்னால் நடக்கச் சொன்னார். வீடு வரும்வரை பரலோக மந்திரச் செபத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரல் நிற்காமல் கேட்டதால் எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அம்மாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. அன்று சாயங்காலம் மரித்தவர்களுக்காகக் கோவிலில் செபமாலை சொல்வது வழக்கம். முதல் மணி அடித்ததுமே நாங்கள் போய்விட்டோம். அய்யா முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தார். பாதிச் செபத்தில் வாசல் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமா நின்றார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்கால்வரை சேறு. அவர் கண் அய்யாவின் முதுகிலேயே நிலைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "மச்சான் எப்ப வந்தாக?" என்று கேட்டார்.

"மொத மணிக்கே வந்துட்டாகளே."

"இல்லையே. இப்பத்தான மடையில நின்னாக. கோயிலுக்கு வரலையான்னு கேட்டேன். பேசல."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் செபம் அப்படியே நின்றுவிட்டது. ஊர் முழுக்க அந்தக் கோவிலுக்குள் இருந்தது. வெளியே யாரும் இல்லை. எல்லோரும் அதை ஒரே சமயத்தில் உணர்ந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அன்னைக்கும் நான் பாத்தது ஒங்களையில்ல. பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன் மச்சான். இனி என்னைய என்ன செய்வாரு? எம்புள்ளைகள என்ன செய்வாரு?" என்றார்.

அய்யா எழுந்து வந்து அவர் பக்கத்தில், அவர் காலிலிருந்து வடிந்த சேற்றிலேயே உட்கார்ந்தார். "கண்டதச் சொன்னீக. அதுல பொய்யி எங்கன இருக்கு? கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு, உள்ளது ஒண்ணு. அவரு உள்ளதப் பாத்து நீதி சொல்றவரு மாப்ள. நம்மள மாதிரி எட்டிப் பாத்துட்டு ஓடி வந்து சொல்றவரு இல்ல. ஒங்கள அடிக்கமாட்டாரு."

"ஒங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

மாமா அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மீதிச் செபமாலையை அவர்கள் இரண்டுபேரும் வாசலருகே உட்கார்ந்தபடியே சொன்னார்கள். அன்று ஊர் கூட்டமாகத்தான் வீடு திரும்பியது. கோவிலில் எங்கள் பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் இப்போது என்னை நெருக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் மேல மடைக்குப் போய் மண்ணை வெட்டிப் பார்த்தார்கள். மடைச் சுவருக்கு அடியில் நண்டு குடைந்து குடைந்து, கையை முழங்கைவரை உள்ளே விடும்படி பொந்தாகக் கிடந்தது. பலகையை யாரும் தூக்கவில்லை. மாமா வயலுக்கு வந்த தண்ணீர் அடிவழியாகவே சித்தப்பா வயலுக்கு வடிந்திருக்கிறது. பொந்தில் கல்லும் களிமண்ணும் போட்டு இடித்து அடைத்தார்கள். அதன்பின் மாமாவின் வயலில் தண்ணீர் நின்றது.

அப்படியானால் பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றது யார்? அதற்கு அந்தப் பொந்து பதில் சொல்லவில்லை. முன்னே எப்போதோ வாய்க்காலில் செத்துப்போன நீர்பாய்ச்சியின் ஆத்துமம் என்று சிலர் சொன்னார்கள். அப்படி யாரும் செத்ததாக வயசாளிகளுக்கு நினைவில்லை. அடுத்த ஞாயிறு சுவாமியார் வந்து மடையில் தீர்த்தம் தெளித்தார். அய்யாவைத் தனியாக விசாரித்தார். சுவாமியார் என்ன சொன்னாரோ, அய்யா எங்களிடம் சொல்லவில்லை. நீர்பாய்ச்சி வேலையை ஊர் அய்யாவிடமே திருப்பிக் கொடுத்தது. சாயங்காலங்களில் மாமாவும் கூடப் போவார்.

எனக்கு மார்கழியில் பையன் பிறந்தான். சுகப் பிரசவம். ஞானஸ்நானத்துக்கு மாமாவே ஞானத்தகப்பனாக நின்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கு, புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிற அன்று அய்யாவிடம் கேட்டேன்.

"இன்னும் அதப் பாக்கீகளா?"

"எப்பவாச்சும்" என்றார், மழை பெய்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "பாத்தா நேரா அங்கன போயி, அது நிக்கிற எடத்துலயே எறங்கி நின்னுக்கிருவேன். ஒரு பரலோக மந்திரம் சொல்லுவேன். முடிக்கயில அங்கன நான் ஒருத்தன்தான் நிப்பேன்."

சாகும்வரை அவர் அந்த வேலையைத்தான் செய்தார். நானும் சர்வேசுரனை நம்புகிறவள்தான். ஆனாலும் ஊருக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டால், தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போவேனே தவிர மேல மடை வழியாகப் போகமாட்டேன்.