நான்காவது தடம்

பள்ளியில் நான் நூறு மீட்டர் ஓடியவள். நேராக ஓட மட்டுமே தெரிந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மூக்குடைபட்டதற்கு அதுதான் காரணம். துப்பாக்கி வெடித்ததும் கிளம்ப வேண்டும், கோட்டைத் தாண்டியதும் நிற்க வேண்டும். ஓடுகளத்தில் வளைவு என்று ஒன்று இருப்பதையே நான் கண்டுகொண்டதில்லை.

நாற்பத்து மூன்று வயதில் எண்ணூறு மீட்டர் ஓடக் கிளம்பியதற்கு வீடுதான் காரணம். கணவருக்கு மலேசியாவின் தெற்குக் கோடியில், ஜொகூரில் வேலை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் பினாங்குக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பிவிடுவார். பிள்ளைகள் இல்லை. ஜார்ஜ்டவுனில், பதினோராவது மாடியில், காலையில் எழுந்தால் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பலர் தனிமை சுகம் என்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

மூத்தோர் தடகளப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததைப் போனில் சொன்னதும் அவர் சிரித்தார்.

“எண்ணூறா? நூறு ஓடுனவளுக்கு என்னாத்துக்கு இந்த வேலை?”

“ஏங்க, முடியாதா?”

“சரி லா. பிராக்டிஸ்ல மூணு நிமிஷத்துக்குள்ள ஓடிக் காட்டு. லீவு போட்டுட்டு வந்து பார்க்கிறேன்.”

கிண்டலாகத்தான் சொன்னார். நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் பார்வையாளர் வரிசையில் எனக்கென்று ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். போட்டிவரை இருந்த ஏழு மாதமும் நான் ஓடியது அதற்காகத்தான்.

செவ்வாயும் வியாழனும் வீட்டுக்குப் பக்கத்து ஓடுகளத்தில் இருநூறு மீட்டர், எட்டு முறை. சனிக்கிழமை முழு எண்ணூறு. கையில் ஸ்டாப்வாட்ச். வெள்ளைக் கோட்டில் நின்று அழுத்துவேன், இரண்டு சுற்று ஓடி, அதே கோட்டில் வந்து மறுபடி அழுத்துவேன். முதல் சனிக்கிழமை மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடி. நாக்குத் தள்ளிவிட்டது. திங்கட்கிழமை அலுவலகத்தில் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்தடத்தில் எப்போதும் நடக்கிறவர்கள்தான் இருப்பார்கள். வயதான சீனர்கள் கூட்டமாக வருவார்கள். ஒருவர் கழுத்தில் ரேடியோ பாடும். இருவர் கையைத் தட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார்கள், முட்டிக்கு நல்லதாம். வேகமாக ஓடி வருகிறவர்கள் “ட்ராக்!” என்று கத்தினால் நடக்கிறவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். அது அங்கே வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இளைஞர்கள் கூசாமல் கத்துவார்கள். எனக்கு அந்தச் சத்தம் தொண்டைவரை வந்து நின்றுவிடும். நம்மைவிட இருபது, முப்பது வயது மூத்தவர்களை ஒதுங்கச் சொல்ல நாம் யார் என்று நானே ஒதுங்கி, நான்காவது தடத்தில் ஓடினேன். அது காலியாக இருந்தது.

மாதம் போகப் போக நேரம் இறங்கியது. மூன்று இருபத்தைந்து. மூன்று பதினாறு. பிறகு மூன்று ஒன்பது. அங்கே வந்து குத்துக்கல்லாட்டம் நின்றுவிட்டது. சோற்றைக் குறைத்தேன், ஷூவை மாற்றினேன், கடவுளைக் கொஞ்சம் மிரட்டியும் பார்த்தேன். போட்டிக்கு முந்தின சனிக்கிழமையும் அதே மூன்று ஒன்பது. புல்லில் உட்கார்ந்து அழுதேன். பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்தபடியே தூரமாகிக்கொண்டு போனார்.

அன்று மாலை போனில், “லீவ வேஸ்ட் பண்ணாதீங்க, ஒம்போது வினாடி கூட வருது” என்றேன்.

“சரிம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னார். எனக்கு வலித்தது.

போட்டியன்று அதே களம். நடக்கிறவர்கள் இல்லாமல் அது யாரோ பாத்திரங்களை எடுத்துப் போய்விட்ட சமையலறைபோல இருந்தது. குலுக்கலில் எனக்கு நான்காவது தடம் விழுந்தது. பழகிய இடம் என்று மகிழ்ந்து, என் வெள்ளைக் கோட்டில் போய் நின்றேன்.

கொடியோடு நின்ற நடுவர் பெண் கூப்பிட்டார். “அக்கா, அங்க இல்ல. முன்னுக்கு வாங்க, முன்னுக்கு.”

பத்து மீட்டருக்கும் மேல் முன்னால் ஒரு கோட்டைக் காட்டினார். அந்தக் கோடுகளை ஏழு மாதமாகப் பார்த்திருக்கிறேன். தொடர் ஓட்டத்துக்கோ எதற்கோ என்று நினைத்திருந்தேன்.

“இவ்வளவு முன்னுக்கா? ஏன்?”

“வெளி லேன் வளைவு நீளம் இல்லியா, அக்கா? அதுக்குத்தான். முதல் வளைவு முடிஞ்சதும் எல்லாரும் உள்ளுக்குப் போயிடலாம்.”

“ரெண்டு சுத்தும் நாலுலயே ஓடினா?”

அவர் சிரித்தார். “நாப்பது மீட்டருக்கு மேல சும்மா கூட ஓடுவீங்க. யாரு அப்படி ஓடுவா?”

துப்பாக்கி வெடித்தது. எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. ஏழு பேரில் ஐந்தாவதாக வந்தேன். இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி. யார் யார் வீட்டுக்காரர்களோ கைதட்டினார்கள். ஒரு பிள்ளை தன் அம்மாவுக்குத் தண்ணீர் புட்டியோடு ஓடியது.

ஷூவைக் கழற்றிப்போட்டு, போனில் கணக்குப் போட்டேன். நான்காவது தடத்தில் மூன்று ஒன்பது என்றால், சரியான எண்ணூறுக்கு இரண்டு ஐம்பத்தொன்பது. புல்லில் உட்கார்ந்து அழுத அன்றே நான் மூன்று நிமிடத்துக்குள் ஓடி முடித்திருக்கிறேன்.

மாலையில் அவர் கூப்பிட்டார்.

“எவ்வளவு?”

“ரெண்டு அம்பத்தெட்டு.”

“மூணு ஒம்போதுன்னியே. நான் வரக்கூடாதுன்னு சொன்னியா?” என்றார்.

“ஐயோ, இல்லீங்க.” எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோக்காரரை, பின்பக்கமாக நடந்தவர்களை, கத்தக் கூச்சப்பட்டதை, இரண்டு சுற்றும் நான்காவது தடத்திலேயே ஓடியதை. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஏழு மாசம் ஓடியிருக்கே. தப்பா ஓடறேன்னு ஒருத்தர்கூடவா உங்கிட்ட சொல்லல?”

“யாருங்க இருந்தா, சொல்றதுக்கு?” என்றேன்.