எழுபத்திரண்டா, எழுபத்து மூன்றா?

போன மாதம் அடித்த காற்றில் எங்கள் தோட்டத்து வேப்பங்கிளை ஒன்று முறிந்து, மோட்டார் ரூம் வாசலை அடைத்துக்கொண்டு விழுந்தது. மோகனூர்ப் பக்கம் அன்றைக்கு விழாத மரம் குறைவு. மரம் அறுக்கிற ஆட்கள் எல்லோரும் பிஸி. சரி, நம்மிடம்தான் செயின்சா இருக்கிறதே என்று எடுத்தேன். இருபது வருஷத்துப் பழசு. செயின் அறுந்து கிடந்தது.

நாமக்கல் போய், பழைய செயினோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, அதே நீளத்தில் புதிது ஒன்று வாங்கி வந்தேன். மாட்டினால் பல்சக்கரத்தில் உட்காரவே இல்லை. மறுநாள் மிஷினையே தூக்கிக்கொண்டு மெக்கானிக் தங்கராசுவிடம் போனேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

"நீளம் பாத்து வாங்கறதுக்கு இதென்ன அருணாக்கயிறுங்களா? செயின், அது ஓடுற பார், இழுக்கற ஸ்ப்ராக்கெட்... மூணும் ஒண்ணுக்கொண்ணு சேரோணுமுங்க. பழைய மாடல் வேற, பார்ல இருந்த நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு."

இரண்டே நிமிஷத்தில் அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் மூன்று எண்களை எழுதிக் கொடுத்தார். "ஸ்ப்ராக்கெட்டும் தேஞ்சிருக்குது. செட்டாப் போட்டுக்கலாமுங்க. வேணும்ங்கறப்ப இந்த நம்பரைப் போன்ல சொல்லுங்க, வரவழைச்சு வெக்கறேன்."

சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன்.

என் மகள் இருப்பது ஒரு குளிர் தேசத்தில். அவள் அம்மா தவறி மூன்று வருஷமாகிறது. ஞாயிறு சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவாள். சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? அங்க மழையா? மூன்று கேள்வி, மூன்று பதில், நான்கு நிமிஷம். பிறகு இரண்டு பக்கமும் ஒரு 'அப்புறம்...' வரும். போனில் 'அப்புறம்' வந்துவிட்டால் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம் — உங்கள் வீட்டில் எப்படி?

அந்த ஞாயிறு, 'அப்புறம்' வருவதற்குள் செயின்சா கதையைச் சொல்லிவைத்தேன்.

"இருங்கப்பா, நான் தேடிப் பாக்கறேன்" என்றாள். அடுத்த ஐந்தாவது நிமிஷம் பாதி மெக்கானிக் ஆகிவிட்டாள். "அடுத்தடுத்து மூணு ரிவெட் இருக்குதுங்களா? முதலுக்கும் மூணாவதுக்கும் நடுவுல அளந்து, பாதியாக்குங்க."

பதினாறரை மில்லி. பாதி, எட்டே கால். சீட்டிலும் அதேதான். சீட்டு இருக்கிற விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினோம்.

அடுத்த ஞாயிறு, பாரில் செயின் ஓடுகிற பள்ளம், அந்தக் காடி, எவ்வளவு அகலம் என்ற ஆராய்ச்சி. அதற்கு அடுத்த ஞாயிறு, அந்தக் காடிக்குள் ஓடும் அடிப்பற்களை எண்ணும் வேலை. சீட்டில் எழுபத்திரண்டு என்று தெளிவாக இருந்தது. நான், "எழுபத்து மூணு வருது கண்ணு... இல்ல, தப்பிருச்சு" என்றேன்.

"வீடியோவுல காட்டுங்க. ரெண்டு பேரும் எண்ணலாம்."

எண்ணினோம். ஒண்ணு, ரெண்டு, மூணு... அவளுக்கு முதன்முதலில் எண்ணச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஐம்பதைத் தாண்டியதும் நான் நிறுத்திக்கொண்டு, அவளையே எண்ணவிட்டேன்.

மூன்று வாரம் மோட்டார் போடக் கிளைக்கு அடியில் குனிந்து குனிந்து போனேன். இடுப்பு விட்டுப்போனது. தங்கராசு இரண்டு முறை கூப்பிட்டு, "ஏனுங்க, சீட்டைத் தொலைச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. வயது அறுபத்தாறு, மகளிடம் பேச ஒரு ரிப்பேர் தேவைப்படுகிறது!

கடைசியில் தங்கராசுவிடம் எண்களைச் சொன்னேன், செட் வந்தது. கச்சிதமாக உட்கார்ந்தது. கிளையைப் பத்தே நிமிஷத்தில் அறுத்துத் தள்ளினேன். வாசல் பளிச்சென்று திறந்துகொண்டது. எனக்கு என்னமோ போலிருந்தது.

போன ஞாயிறு கூப்பிட்டாள். சாப்பாடு, மாத்திரை, மழை. நான்கு நிமிஷம்.

"அப்புறம்..." என்றேன்.

"அப்புறம்..." என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஏனுங்கப்பா, அந்த மருந்தடிக்கற ஸ்ப்ரேயர் ஒண்ணு இருந்துச்சே... அதுல ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்களா?"

"அதையேன் கேக்கற கண்ணு, ரெண்டு வாரமா ஒரே மக்கர்" என்றேன்.

ஸ்ப்ரேயர் முந்தின நாள்தான் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது.