இத்தாலிக்காரியின் கடைசி ரீல்

மாலை 4.40. எடப்பாடியில் சேலம் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இரண்டு ரூபாய். எழுபதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை. கைப்பையில் நான்காய் மடித்த பச்சை நோட்டீஸ் ஒன்று.

அந்த நோட்டீஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணம். புதுப் படம் வந்தால் சேலத்துத் தியேட்டர்க்காரர்கள் சந்தை நாளில் எங்கள் ஊர் வரை வந்து நோட்டீஸ் வீசுவார்கள். முக்கால் கதையைச் சொல்லிவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். இந்த முறை இத்தாலிப் படம். பெரிய நடிகை ஒருத்தி; எங்கே போனாலும் போட்டோக்காரர்கள் ஸ்கூட்டரில் துரத்துகிறார்கள். ஒரு ராத்திரி காரை அனுப்பிவிட்டு, ரோம் நகரத் தெருவில் தன்னந்தனியாக நடக்கத் தொடங்குகிறாள். எங்கே போனாள்? மீதியை வெள்ளித்திரையில் காண்க.

நான் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, தனியாகக் குடியிருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நான் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னலும் திறக்கும். அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

படமோ இரண்டாம் ஆட்டம் மட்டும். கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம்தான் படிக்கிறார்கள். படத்துக்குப் போகிறேன் என்றதும், திரும்பி எப்படி வருவீர்கள் என்று கேட்டார். காலையில் உங்கள் முதல் பஸ்ஸில்தான் என்றேன். கொங்கணாபுரத்திலிருந்து மகுடஞ்சாவடி வரை மனிதர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

இரவு 9.45. தியேட்டர் வாசலில் ஒரே ஆண்பிள்ளைக் கூட்டம். போஸ்டரில் நடிகையின் தோள்பட்டை தெரிந்ததே, அந்தப் புண்ணியம். டிக்கெட் கொடுப்பவர் என் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கூட ஆம்பளைங்க ஆரும் வரலீங்களா?"

"படம் பாக்கறது நானுங்க. ஆம்பளை என்னத்துக்கு?"

பெண்கள் பகுதி பெஞ்சு, தொண்ணூறு பைசா. அத்தனை பெஞ்சுக்கும் நான் ஒருத்திதான் மகாராணி.

11.15. தோள்பட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று இடைவேளைக்குள் ஊருக்கே புரிந்துவிட்டது. திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். கால் மணி நேரத்தில் கொட்டகை காலி. திரையில் அவள் காரை அனுப்பிவிட்டு முதல் அடி எடுத்து வைத்தாள். பட்டென்று விளக்கு எரிந்தது.

படம் ஓட்டும் ஆபரேட்டர் படி இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் துண்டு. கூட்டம் கலைந்தால் கடைசி ரீலை ஓட்டாமல் மூட்டை கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். அது எனக்கும் தெரியும்.

"கடைசி ரீல்ல ஒண்ணுமில்லீங்கம்மா. சும்மா நடந்துட்டே இருக்கறாங்க."

"அந்த நடையப் பாக்கத்தாங்க எடப்பாடியிலிருந்து வந்திருக்கறேன்."

"உங்க ஒருத்தருக்காக மிசினை ஓட்டச் சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பச்சை நோட்டீஸை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். மீதியைக் காண்க என்று அச்சடித்தது நானில்லை, காட்டாமல் நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் நோட்டீஸை முழுக்கப் படித்தார்.

"நாலு நாளா அந்த ரீலை ஆருமே பாக்கலைங்க. நானும் இன்னும் பாக்கலை," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

விளக்கு அணைந்தது. அவள் நடந்தாள். படத் தயாரிப்பாளரின் கார் பக்கத்தில் வந்து ஊர்ந்தது. கதவைத் திறந்து, 'ஏறிக்கொள், மானம் போகிறது' என்பதுபோல் கை காட்டினான். அவள் ஏறவில்லை. திரும்பி, துரத்தி வந்த போட்டோக்காரர்களை நோக்கியே நடந்தாள். அவர்கள்தான் பின்வாங்கினார்கள். விடியும்போது ஒரு காப்பிக் கடைக்குள் போய், நின்றபடியே ஒரு காப்பி குடித்தாள். படம் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. மறைக்க அங்கே யாருமில்லை.

12.35. பஸ் ஸ்டாண்டு வரை ஒரு கிலோமீட்டர் நடை. அவள் பின்னால் முப்பது கேமரா. என் பின்னால் ஒரே ஒரு நாய், அதுவும் பாதியில் திரும்பிவிட்டது. பயமாகத்தான் இருந்தது. இருந்தும் மெதுவாகவே நடந்தேன்.

காலை 4.30, முதல் பஸ். அதே கண்டக்டர். ஏறியவர்கள் எல்லோரிடமும் குனிந்து ஏதோ பேசினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோமில் ஒருத்தியைத் துரத்த முப்பது கேமரா வேண்டியிருக்கிறது. எங்கள் ஊருக்கு ஒரு கண்டக்டரே போதும்.

எடப்பாடி நெருங்கும்போது அவரே வந்தார். கெட்ட மனசில்லை, நல்லதுதான் நினைத்தார்.

"டீச்சர், கடைவீதிக்கு முன்னாலயே நிறுத்தச் சொல்றனுங்க. சந்து வழியா ஊட்டுக்குப் போயிடலாம்."

"வேண்டாங்க. பஸ் ஸ்டாண்டுலயே எறங்கிக்கறேன்."

6.05. இறங்கினேன். தறி ஷிப்டு முடிந்து வந்தவர்கள் காப்பிக் கடை முன்னால் நின்றார்கள். எனக்கு முன்னால் இறங்கியவர்கள் அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். நேராக அவர்களைப் பார்த்து நடந்தேன், வழி விட்டார்கள். ஒரு காப்பி சொன்னேன்.

தறி ஓட்டும் பெண் ஒருத்தி, தலையெல்லாம் பஞ்சு, கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். அவள் வீட்டிலும் அந்தப் பச்சை நோட்டீஸ் கிடந்திருக்க வேண்டும்.

"ஏனுங் டீச்சர், அந்தப் பொம்பள கடைசீல எங்கதாங்க போனாங்க?"

"காப்பிக் கடைக்குத்தாங்க," என்றேன், டம்ளரைக் கையில் வாங்கியபடி.