பரிபூரணம் சொன்ன சாட்சி

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் பரிபூரணத்துக்கு வாயாடி என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. கை நடுங்க ஆரம்பித்த புதிதில், "வீட்டுல கெடக்க வேண்டியதுதான?" என்று கேட்ட சூப்பர்வைசரிடம், "ஒமக்கு வேலையே தெரியாது, நீரு வரலையா?" என்று திருப்பிக் கேட்டவள். தொண்ணூற்று நாலாம் வருஷம்வரைக்கும் அதே கம்பெனிக்குத்தான் போனாள்.

நடுக்கம் வந்தது எண்பத்தேழாம் வருஷம். மதுரை டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கை அடங்கியது. தோள் மட்டும் பலகையாக இறுகிக் கிடந்தது, தூக்கமும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்குபஞ்சர் ஊசி குத்தும் சுயம்புலிங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறினாள். மயிர் போல மெல்லிய ஊசி. செத்த நேரம் குத்திவைத்து எடுப்பார். குறை சொல்லக்கூடாது, தோள் இளகியது. தூக்கமும் வந்தது.

"மாத்திரைய நிறுத்திருங்கம்மா. அது உள்ள போனா ஊசி வேலை செய்யாது" என்றார் அவர். நம்பி நிறுத்தினாள். ஒரே வாரத்தில் காலைக் கட்டிப்போட்டாற்போல நடை நின்றது. புருஷன் சோறு ஊட்ட வேண்டியதாயிற்று. என்ன கொடுமை! மதுரைக்குப் போய் டாக்டரிடம் வசவு வாங்கிக்கொண்டு மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். சுயம்புலிங்கத்திடம் மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஊசி போட மாட்டார், தூக்கம் போய்விடுமே.

மாத்திரை இல்லாமலே அவள் கை அடங்கிவிட்டது என்று நினைத்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபம் பிடித்துக் கூட்டமே போட்டுவிட்டார். "ஒங்க சர்ச்சுல சொகமானவங்க சாட்சி சொல்லுவாங்கள்லா, அதே மாதிரி சொல்லுங்க" என்று மேடையேற்றினார்.

மேடையில் துணியைக் கொடுத்து மடிக்கச் சொன்னார். ஓரம் பிசகாமல் மடித்தாள். ஒரே கைதட்டல். முன்வரிசையில் சோழபுரத்துக் கருத்தையா இருந்தார். அவருக்கும் அதே நோய். வியாழக்கிழமை ஊசிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

"இனிமே இது எதுக்கு? தூக்கிப் போடுட்டி."

தூக்கமாவது மண்ணாவது என்று பரிபூரணம் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"எங்க சபையில சாட்சின்னா அரைகுறையாச் சொல்ல மாட்டோம். இந்தக் கைய அடக்குனது மாத்திரை. காலையில முழுங்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஐயா பேச்சக் கேட்டு நிறுத்துன வாரம் எனக்குச் சோறு ஊட்டிவிட்டாவ. தோளுக்கும் தூக்கத்துக்கும் ஊசி கேக்குது, அதுவும் நெசம். கருத்தையா அண்ணாச்சி, அட்டைய வாங்கிப் பையில வையுங்க."

சுயம்புலிங்கம் மைக்கைப் பிடுங்கினார். "இனிமே எம் வாசப்படி மிதிக்கக் கூடாது."

"வியாழக்கிழமை பாப்போம்" என்று இறங்கிப் போனாள்.

சொன்னபடி வியாழக்கிழமை போனாள். பெஞ்சில் கருத்தையா எல்லோரும் பார்க்க மாத்திரையை முழுங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சுயம்புலிங்கம் வாசலை மறித்து நின்றார்.

"எதுக்கு வந்தீங்க?"

"தோளு வலிக்கி. ஊசி போடத் தெரிஞ்ச ஆளு நீங்க. பொய் சொல்லாமப் போடுங்க."

அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் பெஞ்சைப் பார்த்தார். கருத்தையா மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தன் முறைக்குத் தள்ளி உட்கார்ந்தார். சுயம்புலிங்கம் ஊசிப் பெட்டியைத் திறந்தார்.