எழுபது வளைவுகளுக்கும் ஒரு சத்தியம்

"வண்டி உங்களுக்குங்களா, தம்பிக்குங்களா?" என்று சேலத்துக் கடைக்காரர் என்னிடம் கேட்டார். கேலியாகத்தான் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்தச் சிவப்பு மோட்டார் பைக் முன்சக்கரத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு நின்றது. என் மூத்த மகன் குந்தி உட்கார்ந்து டயரின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். வளைவில் வண்டி சாயும்போது தரையைப் பற்றுவது அந்த விளிம்புதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் கொல்லிமலையில் பிறந்து அங்கேயே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். சைக்கிள்கூடச் சரியாக ஓட்ட வராது. "அவனுக்குத்தானுங்க" என்று சொல்லி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

பயத்தில்தான் வாங்கித் தந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். மகன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தான். சனிக்கிழமைகளில் ஒரு பழைய வண்டியில் மலையேறி வீட்டுக்கு வருவான். ஒருமுறை நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, ஒரு வளைவில் எங்களை வெளிப்பக்கமாக முந்திக்கொண்டு ஒரு வண்டி போனது. ஓட்டியவன் முட்டி தரையைத் தொட்டுவிடும் போலச் சாய்ந்திருந்தது. பஸ் முழுவதும் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். அடுத்த வளைவில் அவன் சட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அவன் எதையும் மறைக்கவில்லை. சென்னைப் பக்கம் பந்தயத்துக்கென்றே போட்ட ரோடு இருக்கிறது, காசு கட்டினால் நாள் முழுவதும் ஓட்டலாம், அதற்குத் தகுந்த வண்டிதான் இல்லை என்றான்.

"அங்க எதுக்க பஸ்ஸு வராதுங்கப்பா. மாடு வராது, லாரி வராது. எல்லாரும் ஒரே பக்கந்தான் போவாங்க. இருக்கறதுலயே பத்திரமான ரோடு அதுதானுங்க."

"சுத்திச் சுத்தி ஓட்டிட்டு, கெளம்புன எடத்துலயே எறங்கறதுக்கா ஒரு வண்டி?" என்றாள் அவன் அம்மா. அவன் சிரித்தான். எனக்கு ஒரு வழி கிடைத்தது போலிருந்தது. வேகத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வரட்டும், எங்கள் மலைப்பாதையில் மட்டும் வேண்டாம்.

எங்கள் ஊரில் பேச்சை உறுதிசெய்ய ஒரு முறை உண்டு. அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டுச் சொன்னால் சொன்னதுதான். சொன்னவன் மீற முடியாது. சொல்ல வைத்தவர் வீட்டில் உட்கார்ந்தபடி "போனால் போகட்டும்" என்று விடவும் முடியாது. இருவரும் சேர்ந்து போய்க் கிடா வெட்டினால்தான் அது விலகும். காட்டுத் தகராறுக்கும் பெண் கொடுத்த சச்சரவுக்கும் இருக்கிற முறை அது. படித்தவன் நான், அதை ஒரு மோட்டார் வண்டிக்குப் பயன்படுத்தினேன். எந்த வண்டியானாலும் மலைப்பாதையில் ஓட்டுவதில்லை என்று என் மகன் கற்பூரத்தின்மேல் கையை வைத்தான். கையை எடுத்தபோது கரி பிடித்திருந்தது. "போதுங்களாப்பா?" என்றான்.

பழைய வண்டியை விற்றுவிட்டான். புதியது அடிவாரத்தில் காரவள்ளியிலேயே நின்றது. எங்கள் மிளகை வாங்கும் பாய் தன் கிடங்கில் ஒரு மூலை ஒதுக்கித் தந்தார். தலைக்கவசம், தோல் சட்டை, முட்டிக்காப்பு எல்லாம் அங்கேயே ஆணியில் தொங்கின. "சாரே, உங்க பையன் மொளகு மூட்டையத் தொட வுடமாட்டேங்கறான், தூசி பறந்து வண்டியில படியுதாம். என்ர கிடங்குல நானே ஓரமா நடக்கறனுங்க" என்பார். பந்தய ரோட்டுக்கு அவன் இரண்டு முறை போனான். திரும்பி வந்தபோதெல்லாம் அவன் முகத்தில் இருந்த நிறைவை நான் முன்பு பார்த்ததில்லை. அடிவாரத்திலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் வருவான். பஸ் தவறினால் என் தங்கை மகன் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவான். "மச்சான் ஓட்டறது மாட்டு வண்டிங்க, நடந்தாலே முன்ன வந்துரலாம்" என்று மகன் கிண்டல் செய்வான். நான் நிம்மதியாக இருந்தேன். அதைச் சொல்லத்தான் இப்போதும் கூசுகிறது.

ஒரு மழைநாள் மதியம் பள்ளிக்குப் போன் வந்தது. பாய்தான் பேசினார். மலைப்பாதையில் வண்டி விழுந்துவிட்டது, உங்கள் பையனைச் சேலத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "அவன்தான் ஓட்டுனானா?" என்பது. உயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

"இல்லீங்க சாரே. அவன் வண்டி இங்கதான் நிக்குது. பின்னாடிதான் உக்காந்திருந்தான். உசுருக்கு ஒண்ணுமில்ல, கெளம்பி வாங்க."

மரவள்ளி ஏற்றிய லாரி வளைவில் இறங்கி வந்திருக்கிறது. தங்கை மகன் பதறி, ஈர ரோட்டில் ஒரேயடியாகப் பிரேக்கை அழுத்திவிட்டான். அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. என் மகன் தடுப்புச் சுவரில் மோதினான். தலையில் கவசமில்லை, முட்டியில் காப்பு இல்லை. பஸ்ஸில் வருகிறவன் அதையெல்லாம் எதற்குச் சுமக்கப் போகிறான்? அந்த மலையில் அவனைவிட நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுகூட இருந்திருக்க மாட்டார்கள். அவனைத்தான் நான் இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தவுடன், "மீறலீங்கப்பா" என்றான். ஒரு வாரம் கழித்துத்தான் மற்றதைச் சொன்னான். "ரெண்டு வளைவுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, இவன் விழப்போறான்னு. மெதுவாப் போடான்னு சொல்லிட்டே இருந்தேன். ஹேண்டில் என் கையில இல்லீங்களே." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடது முட்டி அதன்பிறகு முழுவதும் மடங்கவில்லை. ரோட்டில் ஓட்டலாம், பந்தயத்துக்கு மட்டும் உட்கார முடியாது என்று டாக்டர் சொன்னார். எட்டு மாதம் அவன் வீட்டிலேயே கிடந்தான். பிறகு ஒருநாள், "வெலக்கிரலாங்களாப்பா?" என்றான். விலக்கினால் அவன் மலையில் ஓட்டுவான். விலக்காவிட்டால் யாராவது ஒருவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவான். இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் இருவரும் கோயிலுக்குப் போனோம். கிடாவைக் கட்டிவிட்டுப் பூசாரி, "வாத்தியாரே, வுட்டுட்டீங்களா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். முதல் இரண்டு முறை எனக்கு வாய் வரவில்லை. மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை, "வுட்டுட்டனுங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நானே காரவள்ளிக்கு இறங்கிப் போனேன். அவன் எதுவும் கேட்காமல் இன்னொரு தலைக்கவசத்தை எடுத்து எனக்கு மாட்டி, தாடைக்குக் கீழே கொக்கியைப் பூட்டினான். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் மிகவும் மெதுவாகத்தான் ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தான். எதிரே பஸ் தெரிந்தால் இடது ஓரத்தில் நின்று வழிவிட்டான். ஓட்டுவதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பதாவது வளைவு வாக்கில் கழுத்தைத் திருப்பாமல் சொன்னான்:

"அப்பா, வயித்தக் கொஞ்சம் லூஸா புடிங்க. மூச்சு வுட முடியலீங்க."

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். அவன் வயிற்றின்மேல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெளுத்துப்போயிருந்தன. தளர்த்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். வருடங்கள் போய்விட்டன, அவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, இப்போதும் சனிக்கிழமைகளில் அந்த வண்டியில்தான் வருகிறான். அன்று மிச்சமிருந்த முப்பது வளைவுகளிலும் என் விரல்கள் பிரியவே இல்லை.